ஒன்பது சிம்பொனி, இரண்டு பெட்டி

"நான் ரூர்கேலாவுக்குத் திரும்பணும். நீயும் வாறியா புஷ்பம்?"

"நான் வந்துட்டா அத்தைய யாரு பாப்பா? கையில கட்டுப் போட்டுல்லா இருக்காவ."

"ஒனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லியே?"

"எனக்கென்ன வருத்தம்? நீங்க போயிட்டு வாங்க."

கல்யாணமான மாதம் நடந்த பேச்சு அது. கல்யாணத்துக்கு வந்திருந்த சொந்தக்காரர்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போன இடத்தில், ரத்தினத்தின் அம்மா செல்லத்தாய் பாசிப் பாறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள். புது மருமகள் தங்கபுஷ்பம்தான் அவளுக்குச் சோறு ஊட்டினாள், தலை வாரிவிட்டாள். ரத்தினம் அந்தக் கேள்வியைக் கேட்டபோது செல்லத்தாய் பக்கத்து அறையில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அவள் தூங்கவில்லை என்று தங்கபுஷ்பத்துக்குத் தெரியும். வேறு என்ன பதில் சொல்லியிருக்க முடியும்?

மணிக்கட்டு மூன்று மாதத்தில் சரியாகிவிட்டது. அதற்குள் அந்தப் பதில் தென்காசி முழுவதும் போய்ச் சேர்ந்துவிட்டது. "எம் மருமவ என்ன சொன்னா தெரியுமா? அத்தைய விட்டுட்டு வரமாட்டேன்னுட்டா. பி.எஸ்.ஸி. படிச்ச பிள்ள!" என்று செல்லத்தாய் சர்ச் வாசலில் எல்லோரிடமும் சொன்னாள். கடைவீதியில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்த மாமனார் ஏசுதாசனும் சரக்கு எடுக்க வருகிறவர்களிடம் சொன்னார். பெண் பார்க்கப் போகிறவர்கள், "ஏசுதாசன் மருமவ மாதிரி ஒரு பிள்ள அமையணும்" என்றார்கள்.

ஐந்து வருஷமாகத் தங்கபுஷ்பம் அந்த நல்ல பெயரோடு வாழ்ந்துகொண்டிருந்தாள். ரத்தினத்துக்கு ரூர்கேலா உருக்காலையில் ஸ்டோர்ஸ் அதிகாரி வேலை. வருஷத்துக்கு ஒரு மாதம் லீவு, அதுவும் சாரல் சீசனில். மீதிப் பதினொரு மாதமும் அவள் மாமியாரோடு சமைத்தாள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்மோனியம் வாசித்தாள். பெண்கள் கூட்டத்தில் யாராவது ஒருத்தி, "என்ன புஷ்பம், விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்டால் சிரித்து வைத்தாள். மனதுக்குள் மட்டும் ஒரு வேண்டுதல் இருந்தது. என்னையும் கூட்டிட்டுப் போங்க. ஒவ்வொரு லீவிலும் அது நாக்கு நுனி வரை வந்தது. ஒவ்வொரு லீவிலும் யாராவது அவளைப் புகழ்ந்து அதை உள்ளே தள்ளிவிட்டார்கள்.

சிம்பொனி அவர்கள் வாழ்க்கைக்குள் வந்தது ரூர்கேலா வழியாகத்தான். அங்கே ரத்தினத்தின் விடுதி அறைக்கு எதிரில் ஒரு ஜெர்மன் ஃபோர்மேன் இருந்தார். ராத்திரிச் சாப்பாடு ஆனதும் அவர் பீத்தோவன் இசைத்தட்டு போடுவார். ரத்தினம் முதலில் மரியாதைக்குப் போய் உட்கார்ந்தான், பிறகு ஆசைப்பட்டுப் போனான். அடுத்த லீவுக்கு வரும்போது ஒரு தட்டும், ரேடியோவின் பின்னால் செருகிக்கொள்கிற ஒரு பிளேயரும் கொண்டுவந்தான்.

"என்ன அத்தான் இது? எல்லாருமா சேந்து சண்ட போடுதாவ?" என்று தங்கபுஷ்பம் அப்போது கேட்டாள்.

"சண்டதான். கடேசி மட்டும் கேளு. சமாதானம் ஆயிருவாவ."

அவள் கேட்டாள். பாளையங்கோட்டைக் கல்லூரிப் பாடகர் குழுவில் அவள் ஆல்ட்டோ. மேலே ஒரு குரல் போகும், கீழே ஒரு குரல் போகும், இரண்டுக்கும் நடுவில் போகிற குரல் அது. சபையில் யாரும் அதைத் தனியாகக் கேட்பதில்லை. அது நின்றுவிட்டால் மட்டும் பாட்டு வெறிச்சென்று ஆகிவிடும். அந்தத் தட்டை நாலைந்து முறை கேட்ட பிறகு, அத்தனை வயலின்களுக்கும் அடியில் அப்படி நடுவில் போகிற குரல்கள் இருப்பதைக் கண்டுபிடித்தாள். அன்றைக்குத்தான் அவளுக்கு அந்த இசை பிடித்துப்போனது. கணவன் ஊருக்குப் போன பிறகு, தனியாக இருக்கும் மத்தியானங்களில் அவள் கேட்டது அதைத்தான். அவன் இருக்கும்போது அவர்கள் மனம்விட்டுப் பேசிக்கொண்டதும் அதைப் பற்றித்தான்.

அறுபத்து நாலாம் வருஷத்துச் சீசனுக்கு ரத்தினம் ஒரு மரப்பெட்டியோடு வந்து இறங்கினான். கொல்லம் மெயிலில் இருந்து அதை இறக்கவே இரண்டு போர்ட்டர்கள் வேண்டியிருந்தது.

"கல்லா கட்டிட்டு வந்திருக்க?" என்றார் ஏசுதாசன்.

"பீத்தோவன்ப்பா. ஒம்பது சிம்பொனியும். ரெண்டு தடவ."

"ஒருத்தன் பாடுனத எதுக்குடே ரெண்டு தடவ?"

ஊருக்குத் திரும்பிப் போன ஜெர்மன் ஃபோர்மேன் கொடுத்துவிட்டுப் போனவை. ஒரு பெட்டி சிவப்பு அட்டை, ஜெர்மனியில் பதிவானது. இன்னொன்று சாம்பல் நிற அட்டை, லண்டனில் பதிவானது. இரண்டிலும் அதே ஒன்பது சிம்பொனிகள், நடத்துகிறவர் வேறு, வாசிக்கிற குழு வேறு. வீட்டில் அவற்றுக்கு ஜெர்மன் பெட்டி, லண்டன் பெட்டி என்று பெயர் நிலைத்துவிட்டது.

அன்று சாப்பாடு முடிந்ததும் ரத்தினம் கண்கள் பளபளக்க விஷயத்தைச் சொன்னான்.

"ஒண்ணு இங்கன, ஒண்ணு அங்கன. ஞாயித்துக்கெழமை சாயங்காலம் ஏழு மணிக்கு நீ இங்கன தட்டப் போடு, நான் அங்கன ஃபோர்மேன் விட்டுட்டுப் போன பிளேயர்ல போடுதேன். ஒரே சிம்பொனி, ஒரே நேரம். ஆயிரம் மைலு தள்ளி இருந்தாலும் சேந்து கேட்ட மாதிரி ஆச்சுல்லா? எந்தப் பெட்டி ஒனக்கு வேணும்னு நீயே எடுத்துக்கோ. ஒனக்குப் பிடிச்சது ஒனக்கு. மத்தது எனக்கு."

ஸ்டோர்ஸ்காரன் புத்தி. எந்தச் சரக்கு எந்த அலமாரியில் என்று ஒழுங்குபடுத்திவிட்டால் அவனுக்கு நிம்மதி. வழியெல்லாம் அவன் இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருப்பான் என்று தங்கபுஷ்பத்துக்குப் புரிந்தது. அதில் இருந்த அன்பும் புரிந்தது. பிரிவுக்கு ஒரு மெத்தை தைத்துக் கொண்டுவந்திருக்கிறான். அவள் ஒரு பெட்டியைத் தொட்டுவிட்டால், இங்கேயே இருக்கிறேன் என்று இன்னொரு தடவை சொன்னதாகிவிடும்.

"ஆபீஸ்ல ஃபேமிலி குவார்ட்டர்ஸ் வேணுமான்னு கேட்டான்," என்றான் ரத்தினம் பாக்கை மென்றுகொண்டே. "இந்த மாசக் கடேசிக்குள்ள சொல்லணுமாம். நமக்கு எதுக்கு? நீதான் அம்மாவ விட்டுட்டு வரமாட்டியே."

தங்கபுஷ்பம் வாயைத் திறந்தாள். செல்லத்தாய் மோர்ச் செம்போடு வந்து நின்றாள்.

"அத ஏம்லே கேக்க? தங்கம்லா எம் பிள்ள," என்று சொல்லி மருமகளின் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள்.

மறுநாளிலிருந்து தேர்வு ஆரம்பமாயிற்று.

ரத்தினம் அதை வெகு கவனமாகச் செய்தான். இரண்டு பெட்டியிலிருந்தும் ஒரே சிம்பொனியை எடுத்து ஒப்பிட வேண்டும். முதலில் ஏழாவது, பழைய தட்டில் அவள் கேட்டுக் கேட்டுப் பழகியது. ஒரே அமர்வில் இரண்டையும் கேட்க வழியில்லை. பிளேயரின் சத்தம் ரேடியோவில்தான் வரவேண்டும், ரேடியோவோ ஏசுதாசனுக்குச் செய்தி கேட்க வேண்டும், செய்தி முடிந்தால் குடும்ப ஜெபம். அதனால் ஒரு நாள் சாயங்காலம் ஒரு பெட்டி, மறுநாள் காலை அடுத்த பெட்டி என்று வைத்துக்கொண்டான்.

முதல் சாயங்காலம் ஜெர்மன் பெட்டி. ஏழாவது சிம்பொனியின் இரண்டாம் பகுதி, ஊதல் கருவிகள் எல்லாம் சேர்ந்து பிடிக்கிற ஒரே ஒரு ஒலியோடு தொடங்கும். பிறகு தாழ்ந்த குரலில் பேசும் கீழ்த்தந்திக் கருவிகள் ஒரு நடையை எடுக்கும். ஒரு நீளம், இரண்டு குட்டை, மறுபடி இரண்டு நீளம். பலபேர் ஒரே சீராக எதையோ சுமந்துகொண்டு தூரத்திலிருந்து வருவது போல அது நெருங்கி வரும். அன்றைக்கு அது மிகவும் மெதுவாக, பாரமாக வந்தது. ரத்தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"கேட்டியா? இதாம்லா ஜெர்மன்காரன். என்ன கனம்!"

அந்த முதல் ஒலி தங்கபுஷ்பத்துக்கு எங்கோ இடித்தது. அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. தலைக்கு மேலே தொங்கிய பல்பைப் பார்த்தாள். பழுத்த எலுமிச்சம்பழம் மாதிரி மங்கிக் கிடந்தது. அடுத்த தெரு அரிசி ஆலை சாயங்காலம் ஓட ஆரம்பித்தால் அந்தப் பக்கம் முழுக்க வெளிச்சம் அப்படித்தான் செத்துப்போகும். ஊரில் இருக்கிறவர்கள் அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டார்கள். ஆலைக்கென்றே தனி மின்சாரம் ஓடுகிற ரூர்கேலாவில் இருப்பவனுக்கு அது மறந்துபோயிருந்தது.

காலையில் லண்டன் பெட்டி. பல்பைப் போட்டால் பளீரென்று எரிகிற நேரம். அதே இரண்டாம் பகுதி இப்போது லேசாக, மூச்சு வாங்காமல் நடந்தது. அவன் கொல்லைப்பக்கம் குளிக்கப் போன சமயம் தங்கபுஷ்பம் ஆர்மோனியத்தைத் திறந்து, அந்த முதல் ஒலிக்குரிய கட்டையை மெல்ல அமுக்கிப் பார்த்தாள். பொருந்தியது. சாயங்காலம் கேட்டது இதைவிட அரைக்கட்டை தாழ்ந்திருந்தது. ஜெர்மன்காரரின் கனம் எதுவும் இல்லை. மின்சாரம் குறைந்ததால் பிளேயரின் மோட்டார் சோர்ந்து சுற்றியிருக்கிறது, தட்டு மெதுவாகியிருக்கிறது, சுருதி இறங்கியிருக்கிறது. பௌதிகம் படித்த அவளுக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆகவில்லை.

ஈரத் தலையோடு வந்த ரத்தினம், "லண்டன்காரன் ஓடுதான் புஷ்பம். பஸ்ஸப் பிடிக்கப் போற மாதிரி," என்றான்.

இப்போதே சொல்லிவிடலாம். சொன்னால் இரண்டையும் காலையிலேயே கேட்பான். இரண்டே நாளில் ஒப்பிட்டு முடித்துவிடுவான். பிறகு ஒரு பெட்டி அலமாரிக்குப் போகும், இன்னொன்று ஆணி அடிக்கப்பட்டு ரயில் ஏறும்.

"இன்னொரு தடவ மாத்திப் போட்டுப் பாப்போமா அத்தான்?" என்றாள்.

மாற்றிப் போட்டார்கள். லண்டன் பெட்டி சாயங்காலத்துக்கு வந்தது, ஜெர்மன் பெட்டி காலைக்குப் போனது. இப்போது லண்டன்காரர் பாரம் சுமந்தார், ஜெர்மன்காரர் பஸ் பிடிக்க ஓடினார். ரத்தினம் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அட்டை மாறிப்போயிற்றா என்று பார்த்தான். இல்லை.

"என்னட்டி இது? முந்தி அவன் அழுதான், இவன் ஓடுனான். இப்பம் இவன் அழுதான், அவன் ஓடுதான்."

"நம்ம மனசுதான் ஒரு நேரம் போல ஒரு நேரம் இருக்காதுல்லா."

"மனசா? சாயங்காலம் அம்மா வச்ச ஆட்டுக்கால் சூப்பாத்தான் இருக்கும். அதக் குடிச்சா எனக்கு எல்லாம் மெதுவாத்தான் கேக்குது."

அன்று முதல் அவன் சூப்பைத் தொடவில்லை. செல்லத்தாய்க்கு மனம் நொந்துவிட்டது. "பிள்ளைக்கு அங்கன கண்டதையும் தின்னு நாக்கு செத்துப்போச்சி," என்று புலம்பினாள். பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள் மதில்மேல் தலையை நீட்டினாள்.

"ஏ மதினி, ஒங்க வீட்டுல என்ன தெனமும் கப்பல் முழுகுதா? எங்க வீட்டுப் பசு மிரளுதுல்லா."

"எம் மவனும் மருமவளும் பாட்டுப் பொறுக்குதாவ."

"பாட்டா? பொண்ணுகூட ஒரே நாள்லதான பொறுக்குனிய?"

எல்லோரும் சிரித்தார்கள். தங்கபுஷ்பமும் சிரித்தாள். ஆனால் அவளுக்குள் பயம் வளர்ந்துகொண்டே போயிற்று. இத்தனை வருஷத்தில் அந்தப் பழைய பதிலைத் தவிர, கணவனிடம் அவள் ஒரு பொய்யும் சொன்னதில்லை. இப்போது தினமும் அவன் ஏமாறுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தன் காதையே சந்தேகப்பட ஆரம்பித்திருந்தான். ஒரு சாயங்காலம், "ஆலையில இரும்பு உருட்டுத சத்தத்துலயே கெடந்து காது மந்தமாயிட்டோ என்னமோ," என்று விரலைக் காதில் விட்டுக் குடைந்துகொண்டான். சொல்லிவிடத் துடித்தாள். மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸ் பற்றிப் பதில் சொல்லவேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. அதற்குள் தன் வேண்டுதலைக் கேட்கத் தைரியம் வரும்வரை தேர்வு நீளட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

இதில் இன்னொரு வேடிக்கை. அவளுக்கு எது பிடிக்கும் என்பது அவளுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. வேகத்தைத் தள்ளிவிட்டுக் கேட்டால் இரண்டுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் தெரிந்தது. ஜெர்மன் பெட்டியில் அத்தனை தந்திகளும் ஒரே உடம்பாக எழுந்து நின்றன. கேட்கிறவரைத் தூக்கிக்கொண்டு போகிற வலு அது. லண்டன் பெட்டியில் ஒவ்வொரு கருவியும் தன்தன் இடத்தில் இருந்து பேசியது. அந்த நடை மேலே ஏறிப் போகும்போது அடியில் இன்னொரு ராகம் அதைக் கட்டிக்கொண்டு வருமே, அது லண்டன் பெட்டியில் துல்லியமாகக் கேட்டது. நடுக்குரல்காரியான அவளை யாரோ கூட்டத்தில் பார்த்துத் தலையசைத்தது போல இருந்தது. சந்தேகமே இல்லை, லண்டன் பெட்டிதான். ஒரு சொல் சொன்னால் போதும். அந்த ஒரு சொல்லைத்தான் அவள் பல்லுக்குள் வைத்துக் காத்துக்கொண்டிருந்தாள்.

லீவின் கடைசி வாரம் வந்தது. ஒரு நாள் அவள் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தபோது, செல்லத்தாய் அலமாரியின் நடுத்தட்டைக் காலி செய்து பழைய பட்டுத்துணி விரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒம் பெட்டி இங்கன இருக்கட்டும் தாயி. அவன் இல்லாத நேரம் நீ கேட்டுக்கிட்டுச் சந்தோசமா இரு. எனக்கு ஒரு எழவும் வெளங்கல. ஆனா நீ கேக்கையில ஒம் மொகம் நல்லா இருக்கு."

கெட்ட மாமியாராக இருந்தால் எவ்வளவோ லேசாக இருந்திருக்கும் என்று தங்கபுஷ்பம் நினைத்தாள். துணிகளை மடிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வழக்கம் போலக் கடைசி மூன்று நாளுக்குக் குற்றாலத்தில் ஒரு வீட்டில் பாதியை வாடகைக்கு எடுத்தார்கள். ரத்தினம் பிளேயரையும் ரேடியோவையும் இரண்டு பெட்டிகளையும் காரில் ஏற்றினான்.

"அருவியில குளிக்கப் போறமா, கச்சேரி வைக்கப் போறமா?" என்றார் ஏசுதாசன். என்றாலும் ரேடியோவைத் தன் மடியில்தான் வைத்துக்கொண்டார்.

குற்றாலத்தில் சாரல் விடாமல் தூறியது. காலையில் ஐந்தருவிக்குப் போனார்கள். எண்ணெய் தேய்த்த தலையில் அருவி விழும்போது தங்கபுஷ்பத்துக்கு எதுவும் கேட்கவில்லை, எதுவும் நினைக்க முடியவில்லை. அந்தக் கொஞ்ச நேரம்தான் அந்த மாதத்தில் அவளுக்கு நிம்மதி. வெளியே வந்து தலையைத் துவட்டியதும் எல்லாம் திரும்பி வந்தது. நாளைக்குக் கொல்லம் மெயில்.

கடைசி நாள் மத்தியானம் ஏசுதாசன் மங்குஸ்தான் வாங்கக் கடைப்பக்கம் போயிருந்தார். ரேடியோ சும்மா இருந்தது. ரத்தினம் இரண்டு பெட்டியிலிருந்தும் ஏழாவதை எடுத்து ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டான். முதல் தடவையாக இரண்டையும் ஒரே அமர்வில் கேட்டார்கள்.

"இப்பம் ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே நடைதான் போறாவ," என்றான் ரத்தினம் குழப்பத்தோடு. "தென்காசியில அப்படி இல்லியே?"

தங்கபுஷ்பம் மங்கிய குரலில், "சாரலு," என்றாள். அது பதிலே இல்லை என்று அவளுக்கே தெரிந்தது.

பொழுது சாய்ந்தது. செல்லத்தாய் அடுக்களையில் வழிச் சாப்பாட்டுக்குப் புளியோதரை கிளறிக்கொண்டிருந்தாள். ரத்தினம் மரப்பெட்டி, சுத்தியல், ஆணி எல்லாவற்றையும் கூடத்தில் கொண்டுவந்து வைத்தான்.

"கடேசியா ஒரு தடவ. லண்டன் பெட்டி ரெண்டாம் பகுதி. கேட்டுட்டு நீ சொல்லிரணும் புஷ்பம். ராத்திரி நான் ஆணி அடிக்கணும்."

தட்டு சுற்றத் தொடங்கியது. அந்த முதல் ஒலி சரியான இடத்தில் வந்து நின்றது. கீழ்த்தந்திகள் நடையை எடுத்தன. மெல்ல நெருங்கி வந்தன. அடியில் அந்த இன்னொரு ராகம் எழுந்தது. தங்கபுஷ்பம் முந்தானையைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போது வெளியே அருவிக்கரை வரிசையாக விளக்குப் போட்டுக்கொண்டது. சீசன் கடைகள், பலகாரக் கடைகள், ராட்டினம் எல்லாம் ஒரே நேரத்தில். கூடத்துப் பல்பு வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு இறங்கியது. அதோடு சேர்ந்து இசையும் இறங்கியது. அத்தனை தந்திகளும் ஒரே மூச்சில் சாய்ந்து, தாழ்ந்து, கால் கனத்து நடந்தன.

ரத்தினம் பல்பைப் பார்த்தான். பிளேயரைப் பார்த்தான். மறுபடி பல்பைப் பார்த்தான்.

"கரண்டு! ஏட்டி, கரண்டுட்டி! அழுதது ஜெர்மன்காரனும் இல்ல, லண்டன்காரனும் இல்ல. தென்காசிக் கரண்டுல்லா அழுதிருக்கு!" துள்ளி எழுந்து தொடையில் தட்டிச் சிரித்தான். "நான் ஒரு மாசமா சூப்பு குடிக்காமக் கெடக்கேன்!"

சிரித்துக்கொண்டே திரும்பினான். அவள் சிரிக்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. அவன் சிரிப்பு மெல்ல நின்றது.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"மொத நாள்லேருந்து. ஆர்மோனியத்துல வச்சுப் பாத்தேன். சாயங்காலமானா அரைக்கட்டை எறங்கிருது."

இசை இன்னும் தள்ளாடி நடந்துகொண்டிருந்தது. ரத்தினம் ஊசியைத் தூக்கி ஓரமாக வைத்தான். அடுக்களையில் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் எங் காதே போச்சுன்னு பயந்துகிட்டு இருந்தேன் புஷ்பம். ஆஸ்பத்திரில காட்டணும்னு நெனச்சேன். நீ பக்கத்துலதான இருந்த? எல்லாம் பாத்துக்கிட்டுத்தான இருந்த? எதுக்கு?"

அவன் கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. அந்தக் குரலில் இருந்தது வலி. இதுவரை அவள் பயந்ததெல்லாம் நல்ல பெயர் போய்விடும் என்றுதான். இப்போது அதைவிடப் பெரிதாக ஏதோ கையை விட்டுப் போகப் பார்ப்பது போல இருந்தது.

"எனக்கு லண்டன் பெட்டிதான் பிடிச்சிருக்கு," என்றாள். "ஆரம்பத்துலயே தெரியும். அதுல நடுக்கொரலு எல்லாம் தனித்தனியாக் கேக்கு."

"அத மொதல்லயே சொல்லிருக்கலாம்லா? இதுக்குப் போயி..." ரத்தினம் தலையை ஆட்டிக்கொண்டான். புரியாத ஒன்றை விட்டுத்தள்ளிவிட்டு வேலையைப் பார்க்கிற முகம். "சரி. லண்டன் பெட்டி இங்கன இருக்கட்டும். ஜெர்மன் பெட்டிய நான் கொண்டுபோறேன்."

சிவப்பு அட்டைப் பெட்டியை எடுத்து மரப்பெட்டிக்குள் வைத்தான். சுற்றிலும் வைக்கோலைத் திணித்தான். மூடியைப் பொருத்தி, ஒரு ஆணியை உதட்டில் கடித்துக்கொண்டு இன்னொன்றை மூலையில் நிறுத்தினான். செல்லத்தாய் கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"என்னலே, பொறுக்கியாச்சா? எம் பிள்ளைக்கு எது?"

"சாம்பக் கலருதாம்மா. அலமாரியில வச்சிருங்க."

"நல்லது. நீ போனப் பொறவு அவளுக்கு அதாம் தொண."

ரத்தினம் சுத்தியலை ஓங்கினான்.

"அடிக்காதிய அத்தான்."

அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. அவ்வளவு சத்தமாக அவள் அந்தக் குடும்பத்தில் பேசியதே இல்லை. ரத்தினம் உதட்டிலிருந்த ஆணியை எடுத்தான்.

"இன்னும் என்ன?"

தங்கபுஷ்பம் எழுந்து நின்றாள். மாமியாரைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்தால் மறுபடியும் தோற்றுப்போவோம் என்று தெரிந்தும் பார்த்தாள். அடுத்த அறைக்குக் கேட்காமல் சொல்ல இது ரகசியம் இல்லை என்று தோன்றியது. கேட்கட்டும்.

"அத்த, நீங்க என்ன மன்னிக்கணும். நான் நல்லவள்னு நீங்க ஊரெல்லாம் சொல்லிட்டிய. அதனாலயே எனக்கு வாயத் தெறக்க முடியல."

"என்ன தாயி சொல்லுத?" செல்லத்தாயின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

தங்கபுஷ்பம் கணவன் பக்கம் திரும்பினாள். கண்ணில் நீர் நிறைந்து பல்பு இரண்டாகத் தெரிந்தது.

"எது பிடிக்கும்னு சொல்லிட்டா நீங்க கட்டிக்கிட்டுப் போயிருவியன்னுதான் கரண்டு விசயத்தச் சொல்லல. ஞாயித்துக்கெழமை ஏழு மணிக்குத் தனியா ஒக்காந்து கேக்க எனக்கு முடியாது. அஞ்சு வருசமாக் கேக்கணும்னு நெனச்சு நெனச்சு விட்டுட்டேன். குவார்ட்டர்ஸ் வேணும்னு சொல்லுங்க. என்னையும் ஒங்க கூடக் கூட்டிட்டுப் போங்க அத்தான்."